மறு உத்தரவு வரும் வரை

அந்த வீட்டின் மருமகள் எட்டு வருடம் நான்கு மாதம், ஏழு மாதக் கர்ப்பிணியாகவே இருந்தாள். மாதாமாதம் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா மாதாமாதம் முப்பது வாரம் என்றே எழுதினார். குழந்தை நலம், இதயத் துடிப்பு சீர், எடை ஒன்றரைக் கிலோ. முதல் வருடம் அவர் பயந்தார். இரண்டாம் வருடம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். மூன்றாம் வருடத்திலிருந்து 'முன்பு போலவே' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து மேசையில் வைத்துக்கொண்டார். அதற்குள் டாக்டரம்மாவுக்கே இரண்டு பிள்ளைகள் பிறந்து, மூத்தது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தது. காரணம் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வீடு கோர்ட்டு முடக்கத்தில் இருந்தது.

மாமனார் வண்டிகளுக்கு, சக்கரத்தை உரசி நிறுத்தும் பிரேக் லைனிங் செய்து விற்றவர். மரத்தூளையும் சாம்பலையும் பசையோடு பிசைந்து, அச்சில் போட்டு அழுத்தி, கருப்புச் சாயம் அடித்து, நல்ல கம்பெனிப் பெட்டி மாதிரியே இருக்கும் பெட்டியில் அடைத்துப் பாதி விலைக்குக் கொடுப்பார். வாங்கியவர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். நான்கு வருடத்தில் மாடி வீடு, தோட்டம், வாசலில் இரட்டைக் கதவு எல்லாம் வந்தன. பிறகு அந்த லைனிங் மாட்டிய பால் வண்டி ஒன்று மேட்டிலிருந்து இறங்கும்போது நிற்காமல் போய் ஒரு சுவரில் மோதியது. ஓட்டி வந்தவருக்கு இடது கால் முழங்காலோடு போயிற்று. விசாரிக்கப் போனால் அதே மாதிரி இன்னும் பத்து விபத்துகள் வெளியே வந்தன. குற்றத்தில் வந்த பணத்தில் வாங்கிய சொத்து என்று சந்தேகம் இருந்தால் தீர்ப்பு வரும் வரை அதை முடக்கி வைக்கலாம், உறுதியானால் அரசே எடுத்து விற்று அடிபட்டவர்களுக்குக் கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படிதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கோர்ட்டு அமீனா அந்த வீட்டின் அழைப்பு மணியை அடித்தார்.

அமீனா எதையும் அரைகுறையாக எழுதத் தெரியாத மனிதர். பூட்டு என்று எழுதினால் சாவி எத்தனை பல் என்றும் எழுதுவார். அன்று அவர் நாற்பத்து மூன்று பக்கத்துக்குப் பட்டியல் எழுதினார். சுவர்க் கடிகாரம் ஒன்று, மணி பதினொன்று இருபது. அடுப்பில் பால் அரை லிட்டர், பொங்க இன்னும் ஒரு விரற்கடை. தக்காளி ஒன்பது, அதில் ஒன்று அழுகும் தறுவாயில். கடைசிப் பக்கத்தில் வீட்டில் இருப்பவர்களை எழுத வேண்டும். மாமியார் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. மாமனார் ஒருவர், வயது ஐம்பத்தெட்டு, வலது கடைவாய்ப் பல்லில் வலி. மருமகள் ஒருவர், வயது இருபத்தேழு, ஏழு மாதக் கர்ப்பம். மகன் வீட்டில் இல்லை. அப்பாவின் பல்வலிக்கு மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தான், கடையில் கூட்டம். அவன் திரும்பி வருவதற்குள் அமீனா கையெழுத்து வாங்கி, உத்தரவை உரக்கப் படித்து, ஒரு நகலை இரட்டைக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். மறு உத்தரவு வரும் வரை, பட்டியலில் கண்ட எதுவும் விற்கப்படவோ, கை மாற்றப்படவோ, நிலை மாற்றப்படவோ கூடாது என்று அதில் இருந்தது.

அன்று சாயங்காலமும் பால் பொங்கவில்லை. அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது, பால் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே ததும்பிக்கொண்டே இருந்தது. கடிகாரம் பதினொன்று இருபதைத் தாண்டவில்லை. காபிக்கு எவ்வளவு பால் எடுத்தாலும் பாத்திரத்தில் அரை லிட்டர் இருந்தது. ஒன்பது தக்காளியை நறுக்கிச் சமைத்தால் மறுநாள் கூடையில் ஒன்பது தக்காளி இருந்தது, அழுகும் தறுவாயில் இருந்ததையும் சேர்த்து. ஒரு வாரத்தில் குடும்பத்துக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பட்டியலில் இருந்ததெல்லாம் கோர்ட்டுக்குக் கீழ்ப்படிந்து நின்றுவிட்டது. வீட்டில் இருக்கிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம் வரலாம், அவர்கள் பெயரைத் தகவலுக்காகத்தான் எழுதினேன் என்று அமீனா சொன்னார். ஆனாலும் அவர்களும் நின்றுவிட்டார்கள்.

மாமனாருக்கு இது பெரிய தண்டனையாகத் தெரியவில்லை. அடுப்பில் கேஸ் தீரவில்லை, எண்ணெய் தீரவில்லை, சுவரில் வெடிப்பு விடவில்லை, தனக்கு வயதும் ஏறவில்லை. பல்வலி மட்டும் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எந்த அளவில் வலித்ததோ அதே அளவில், ஒரு சொட்டு கூடாமல் குறையாமல், தினமும் வலித்தது. பல் டாக்டர் மூன்று பேர் குறடு போட்டு இழுத்துப் பார்த்தார்கள். தூணைப் பிடுங்குவது போல இருக்கிறது என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாமனார் கன்னத்தில் கையை வைத்தபடியே வக்கீலைப் பார்க்கப் போவார், கன்னத்தில் கையை வைத்தபடியே மனுவில் கையெழுத்துப் போடுவார். இறந்துபோன மனைவியின் நிலத்தை விற்ற பணத்தில் வாங்கிய வீடு இது, பிரேக் லைனிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் வாதம். அரசாங்க வக்கீலிடம் பெட்டிகள் இருந்தன, லைனிங் துண்டுகள் இருந்தன. அந்தப் பணம்தான் இந்த வீடாக ஆயிற்று என்று காட்ட மட்டும் ஒன்றும் இல்லை. வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு நடந்தது. எட்டு வருடத்தில் மாமனார் இருபத்தாறு மனு போட்டார். வழக்கு தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் ஜெயித்துவிட்டவர் போல இனிப்பு வாங்கி வந்து, இடது பக்கமாக மென்று சாப்பிட்டார்.

மருமகள் ஒரு பல் லேபில் வேலை செய்தாள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்கு பிளாஸ்டரில் அச்சு வார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, பல் செட் செய்து கொடுப்பாள். லேபில் அவளுக்கென்று வயிறு இடிக்காதபடி மேசையை அரைவட்டமாக வெட்டிக் கொடுத்தார்கள். குழந்தை தினமும் மாலை நான்கு மணிக்கு இடது விலாவில் ஒரே இடத்தில் உதைத்தது. மற்றவர்கள் அதை வைத்துக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். அவள் சிரித்துக்கொள்வாள், பிறகு கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள். குழந்தைக்காகப் பின்னிய கம்பளிச் சட்டையைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தாள். அது வளர்ந்து சட்டை சின்னதாகித் திரும்பி வந்தது, இன்னொரு வீட்டுக்குப் போயிற்று. அப்படி அந்தச் சட்டை ஐந்து குழந்தைகளை வளர்த்தது.

அவளைவிட அவள் புருஷன் பாடுதான் கஷ்டம். கால் மணி நேரம் மருந்துக் கடையில் நின்றதால் அவன் பட்டியலில் இல்லை, அதனால் அவனுக்கு மட்டும் வயதாகிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று முப்பத்தொன்பது ஆயிற்று. முன்நெற்றி மேலே ஏறியது, படிக்கக் கண்ணாடி வந்தது. ஒருமுறை செருப்புக் கடைக்காரர் அவளிடம், உங்க சித்தப்பாவுக்கு என்ன சைஸ் என்று கேட்டார். அவன் தன்னைத்தான் கேட்கிறார் என்று புரியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தான். அப்பாவை எதிர்த்துப் பேசும் பழக்கம் அவனுக்கு இல்லை. தொழிற்சாலைக் காகிதங்களில் அப்பா நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டவன், அதனால் வழக்கில் அவன் பெயரும் இருந்தது, அவனுக்கும் அப்பாவின் வக்கீலேதான்.

வாய்தா நாட்களில் அவள் மாமனாரோடு கோர்ட்டுக்குப் போய் வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அதே பெஞ்சின் மறு முனையில் பால் வண்டி டிரைவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு வாய்தாவைக்கூட விட்டதில்லை. ஏழு வருடம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் யார் என்று அவருக்குத் தெரியும், அவர் யார் என்று அவளுக்கும் தெரியும். எட்டாவது வருடம் ஒரு நாள் அவர்தான் முதலில் பேசினார்.

"எத்தனாவது மாசம் தங்கச்சி?"

"ஏழு."

"போன வருஷமும் ஏழுதானே?"

"ஆமாண்ணா."

அவர் தலையாட்டிக்கொண்டார். தனக்குச் செயற்கைக் கால் வைக்க அளவெடுத்து ஆறு வருடம் ஆகிறது, இந்த வழக்கு முடிந்து பணம் வந்தால் செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறது என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுத்தாள் ஒட்டிய சீட்டு. "கோபமெல்லாம் இல்ல தங்கச்சி, எப்பதான் முடியும்னு பார்க்கத்தான் வர்றேன்" என்றார். அன்று இரண்டு மாதம் தள்ளி வாய்தா போட்டார்கள். மாமனார் இனிப்பு வாங்கினார். அவள் சாப்பிடவில்லை.

அமீனா வருடத்துக்கு ஒருமுறை பட்டியலைச் சரிபார்க்க வருவார். தக்காளிகளை எண்ணி, பாலை அளந்து, கடைசியில் அவளைப் பார்த்து டிக் போடுவார். அந்த டிக் போடும்போது மட்டும் தலையை நிமிர்த்த மாட்டார். மூன்றாம் வருடமே அவளுடைய வரியை நீக்கச் சொல்லித் தானாகவே கோர்ட்டுக்கு எழுதிப் பார்த்தவர் அவர். பட்டியலும் நிலை மாறக் கூடாது என்று பதில் வந்தது. பேனாவால் அடித்தும் பார்த்தார், மை பிடிக்கவில்லை. எட்டாவது வருடம் அவர் வந்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறேன் என்றார். மாமனார் குளித்துக்கொண்டிருந்தார். அமீனா பட்டியலை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா, நான் அன்னிக்கு அப்படி எழுதினது தப்பா?"

"அன்னிக்கு ஏழு மாசம்தானே சார். உள்ளதைத்தான் எழுதினீங்க."

"பட்டியல்ல இருக்கிறவங்க யாரு வேணும்னாலும் மனு போடலாம்மா. இதுவரைக்கும் உங்க மாமனார் மட்டும்தான் போட்டிருக்காரு. நீங்க ஒண்ணுகூடப் போடல."

தனக்கும் வாய் இருக்கிறது என்று யாரோ சொன்னது போல அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனு எப்படி எழுதுவது என்று கேட்டாள். ஒரு வெள்ளைத்தாளும் என்ன வேண்டும் என்ற தெளிவும் போதும் என்றார் அவர்.

அவளிடம் தெளிவு ஏற்கெனவே இருந்தது. சொல்லத் துணிவில்லாமல் வைத்திருந்தாள். அன்று மாலை புருஷன் வந்ததும் அவனை மாடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். கல்யாணமான முதல் மாதம் மாமனார் அவளிடம் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, இதே அளவுக்கு ஓர் அச்சு செய்து தரமுடியுமா என்று கேட்டார். புது மருமகள், கேட்டதும் சந்தோஷமாக லேபில் பிளாஸ்டர் வாங்கி இரண்டு நாளில் செய்து கொடுத்தாள். அவ்வளவு சுத்தமான அச்சை நான் பார்த்ததே இல்லை என்றார் அவர். மூன்று மாதத்தில் இந்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்தார். குடிவந்த அன்று வாசலில் நின்று அவள் தலையில் கைவைத்து, இந்த வீடே நீ செஞ்ச அச்சுல வார்த்ததும்மா என்றார். பிறகு ஒரு நாள் தோட்டத்தில் கிடந்த லைனிங் துண்டு ஒன்றை அவள் அரத்தால் தேய்த்துப் பார்த்தாள். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பால் வண்டி மோதுவதற்கு ஒரு மாதம் முன்பு அது. மாடியில் வெயில் நன்றாக விழும் இந்த அறையைக் குழந்தைக்கென்று நினைத்து வைத்திருந்தாள். அதனால் ஒன்றும் கேட்கவில்லை.

அவன் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தான். சொன்னால் அவள்மீதும் வழக்கு வரலாம், வீடு போய்விடும், அப்பா உள்ளே போவார், தானும் போகலாம். இதெல்லாம் அவளுக்கும் தெரியும் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"போய்ச் சொல்லு. எனக்கு மிச்சமிருக்கிற முடியும் கொட்டறதுக்குள்ள சொல்லிடு" என்றான்.

எட்டு வருடத்தில் முதல்முறையாக இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். கீழேயிருந்து மாமனார் என்ன சத்தம் என்று கேட்டார்.

அடுத்த வாய்தாவில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது மாமனார் ஏதோ தவறு என்று நினைத்துத் தானே எழுந்தார். புதிதாக வந்திருந்த பெண் நீதிபதி, யார் சார்பில் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பட்டியலில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறேன் என்றாள் அவள். நீதிபதி பக்கத்தைப் புரட்டி அந்த வரியைப் படித்தார், மேலே இருந்த தேதியைப் படித்தார், கண்ணாடிக்கு மேலாக அவள் வயிற்றைப் பார்த்தார். முதலில் அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

"வீட்டை விடுவிக்கணும்னு கேக்கறீங்களா?"

"இல்ல மேடம். எடுத்துக்கங்க."

பிறகு அவள் அச்சைப் பற்றிச் சொன்னாள், முன்பணத்தைப் பற்றிச் சொன்னாள், வாசலில் மாமனார் சொன்ன வார்த்தையை அவர் சொன்னபடியே சொன்னாள். உதிர்ந்த துண்டைப் பற்றிச் சொல்லும்போது நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சொன்னாள். இதனால் உங்கள்மீதும் நடவடிக்கை வரலாம், தெரியுமா என்று நீதிபதி கேட்டார். தெரியும் என்றாள். மாமனாரின் வக்கீல் எழுந்து, குடும்பத் தகராறு என்றார். அவள் புருஷன் கையைத் தூக்கி, தகராறெல்லாம் இல்லை, அவள் சொல்வது நிஜம், அப்பா அப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன் என்றான். மாமனார் கன்னத்தில் கையை வைத்தபடி மகனையே பார்த்தார். வீடு திரும்பும் வழியில் மூவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். அவளுக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்தது மாமனார்தான்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு. மாமனாருக்கு மூன்று வருடம். மகன் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் என்பதால் அவனுக்கு அபராதம் மட்டும். வீடு குற்றத்தின் வருமானம், அதை அரசு எடுத்துக்கொள்கிறது, விற்ற பணத்தை அடிபட்ட பதினொரு பேருக்கும் கொடுக்க வேண்டும், முடக்க உத்தரவு இத்துடன் முடிகிறது என்று நீதிபதி படித்து முடித்தபோது மணி பன்னிரண்டு பத்து. அந்த நொடியில் குழந்தை இடது விலாவை விட்டு நகர்ந்து, சாவகாசமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வலது பக்கம் போய்ப் படுத்தது. அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, திரும்புதுங்க" என்றாள். நீதிமன்றத்தில் சத்தம் போடக் கூடாது. யாரும் அவளை அதட்டவில்லை. டிரைவர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து நின்றார்.

அங்கே வீட்டில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. பக்கத்து வீட்டுக்காரி கேஸ் வாடை பிடித்து ஓடிவந்து திருகை மூடினாள். கடிகாரம் பதினொன்று இருபத்தொன்று என்று காட்டி, அங்கிருந்து ஓடத் தொடங்கியது. மாமனாருக்குக் கன்னம் வீங்கியது. சிறைக்குள் போன இரண்டாம் நாளே அங்கிருந்த பல் டாக்டர் அந்தப் பல்லை இரண்டே ஆட்டில் எடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் பதினான்கு மணி நேரம் தூங்கினாராம். பிறகு மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. மருமகளைக் கேட்டதாகச் சொல்லவும், பல் எடுத்த இடம் காலியாக இருக்கிறது, முடிந்தால் ஒன்று செய்து தரச் சொல்லவும் என்று எழுதியிருந்தார். அங்கிருந்த டாக்டரிடம் அளவு வாங்கி அவள் செய்து அனுப்பினாள். அளவு சரியாக இருக்கிறது என்று அடுத்த கடிதம் வந்தது. அவள்மீது வழக்குப் போட வேண்டாம் என்று அரசாங்க வக்கீல் முடிவு செய்த செய்தியும் அதே வாரம் வந்தது.

வீட்டைக் காலி செய்ய முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். அவர்கள் ஆறு நாளில் கிளம்பிவிட்டார்கள். ஒப்படைக்கும் நாளன்று புது அமீனாவோடு ஓய்வு பெற்ற பழையவரும் சம்பளமில்லாமல் வந்திருந்தார். நாற்பத்து மூன்று பக்கத்தையும் அவரே படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை எடுத்து, மருமகள் ஒருவர் என்பதன் மேல் ஒரு கோடு போட்டார். மை பிடித்தது. இன்னொரு கோடும் போட்டார். போதும் சார், காகிதம் கிழிந்துவிடும் என்றாள் அவள். வீடு நல்ல விலைக்குப் போயிற்று. டிரைவர் அளவு மறுபடி எடுத்து, புதுக் காலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய வாடகை வீட்டுப் படிக்கட்டு இரண்டு மாடியும் ஏறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

அது ஓர் அச்சகத்துக்கு மேலே இரண்டறை வீடு. பகலெல்லாம் தரை லேசாக அதிரும். முதல் வாரம் ரொட்டியில் பூஞ்சை பிடித்தது, அவள் அதைக் குப்பையில் போடாமல் புருஷன் வரும் வரை மேசையில் வைத்திருந்து காட்டினாள். டாக்டரம்மா ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையாலேயே முப்பத்தொன்று என்று எழுதினார், அடுத்த வாரம் முப்பத்திரண்டு. தீர்ப்பு வந்து ஒன்பது வாரம் ஆன அன்று, மத்தியானம் மூன்று மணிக்கு, பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ, நல்ல குரல். புருஷன் குழந்தையை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். தோள் குலுங்குவதைப் பார்த்து நர்ஸ் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போனாள், அவன் தரவில்லை.

பத்தாம் நாள் அவன் பிறப்பைப் பதியப் போனான். வரிசையில் அவனுக்கு முன்னால் ஏழு பேர். படிவத்தில் கர்ப்ப காலம் எத்தனை வாரம் என்று ஒரு கேள்வி இருந்தது, அதற்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. அவன் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினான். குமாஸ்தா சீட்டைப் படித்தார். நானூற்று எழுபத்து நான்கு. கோர்ட்டு உத்தரவின் நகல் இருக்கிறதா என்று கேட்டார், அவன் கொடுத்தான். அதில் முத்திரையும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அளவுகோலை எடுத்து, இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் அதே அளவில் மூன்றாவது கட்டம் ஒன்று வரைந்து, மூன்றிலும் எண்களை ஒவ்வொன்றாக நிரப்பி, முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.